அரசு ஏலத்தில் மரம் எடுக்க நினைக்கும் சேலத்துக்காரர்களுக்கு

தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்கள், புதிதாக மரக்கடை போட்டவர்கள், வீடு கட்டும்போது நிலைக்கும் கதவுக்கும் தடியாகவே வாங்கி அறுத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வனத்துறை ஏலத்தில் எடுத்தால் மலிவாக வருமா? வரும், வராமலும் போகும். ஏலக் களத்துக்குப் போகும் முன்பே தடியைப் பார்த்து, அளந்து, சேலத்து விற்பனை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒரு தொகையை எழுதி வைத்துக்கொண்டு போகிறவருக்குக் கட்டுப்படியாகும். களத்தில் நின்று பக்கத்து ஆள் கேட்பதைப் பார்த்து விலை ஏற்றுகிறவருக்குப் பெரும்பாலும் கைக்கடிதான்.

மரம் எங்கிருந்து வருகிறது

அடிவாரத்திலிருந்து சேர்வராயன் மலையை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு, இத்தனை காட்டையும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி விற்பார்கள் என்ற எண்ணம் இருக்கிறது. நடப்பு அப்படியில்லை. 1980-ல் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி, மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டத்துக்கு உட்படாமல் காட்டில் மரம் வெட்ட முடியாது. அதனால் இயற்கைக் காட்டிலிருந்து ஏலத்துக்கு வருவது பெரும்பாலும் காற்றில் சாய்ந்தது, பட்டுப்போனது, சாலைப் பணிக்கோ மின்பாதைக்கோ அனுமதி பெற்று வெட்டியது, கடத்தலில் பிடிபட்டு வழக்கு முடிந்தது ஆகியவைதான். இது சரியான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். இந்த மலையின் தண்ணீரை நம்பித்தான் கீழே இத்தனை ஊர்கள் இருக்கின்றன.

ஆகவே வரத்து சீராக இருக்காது. மாதம் இத்தனை கன அடி கிடைக்கும் என்று நம்பித் தொழில் திட்டம் போடாதீர்கள்.

சீராக வரும் அரசு மரம் என்றால் அது தோட்ட மரம். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் முக்கிய மரம் தைல மரம். இது டன் கணக்கில் காகித ஆலைகளுக்குப் போவது. நம் பக்கத்திலேயே பள்ளிபாளையத்தில் ஒன்று, கரூர் காகிதபுரத்தில் ஒன்று என இரண்டு பெரிய ஆலைகள் இருப்பதால் கூழ்மரத்தின் விலையை அவைதான் நிர்ணயிக்கின்றன. சிறு வியாபாரிக்கு அதில் பெரிய இடமில்லை.

மூன்றாவது வகை, புறம்போக்கு மரம். ஏரி உள்வாயில் வளர்த்த கருவேலம், சாலையோரப் புளி, வாகை, தூங்குமூஞ்சி, அலுவலக வளாகத்தில் இருக்கும் வேம்பு. பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வனத்துறை மதிப்புப் போட்டுத் தரும். அந்தந்தத் துறை ஏலம் விடும். புதிதாக வருகிறவர்கள் கை பழகுவதற்கு இதுதான் ஏற்றது. தொகை சிறியது, மரம் கண்ணெதிரே நிற்கும், போட்டியும் குறைவு.

தகவலைப் பிடிப்பது

ஏல அறிவிப்பு மாவட்ட வன அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், நாளிதழில் வரும், மாவட்ட இணையதளத்திலும் போடுவார்கள். வனச்சரக அலுவலகத்தில் வனவரைப் பார்த்துப் பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்து வைப்பதில் தப்பில்லை. அறிவிப்பைக் கையில் வாங்கியதும் அடியில் இருக்கும் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். டேவணித் தொகை (ஏலம் கேட்க முன்கூட்டியே கட்டும் பணம்) எவ்வளவு, வரைவோலையா ஆன்லைனா, பாக்கிப் பணம் எத்தனை நாளுக்குள், மரத்தை எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும், அளவு எந்த முறையில் என்ற ஐந்தையும் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார், பான் கார்டு, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதன் சான்று, இவற்றின் நகல் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

தடியைப் பார்ப்பது

அறிவிப்பில் பார்வையிட நாள் கொடுத்திருப்பார்கள். அந்த நாளை விடவே கூடாது. முடிந்தால் அனுபவமுள்ள அறுவைக்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி நூறு மடங்காகத் திரும்பி வரும்.

கிடங்கில் மரம் லாட் லாட்டாக, அதாவது சேர்த்து விற்கும் தொகுதிகளாக, அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தடியின் வெட்டு முகத்திலும் வரிசை எண், நீளம், சுற்றளவு, துறையின் சுத்தியல் முத்திரை இருக்கும். பட்டியலை வைத்து ஒன்று விடாமல் சரிபாருங்கள். பிறகு மரத்தைப் படியுங்கள். வெட்டு முகத்தில் சேகு (நடுவில் வைரம் பாய்ந்த பகுதி) எவ்வளவு, வெள்ளை (அதைச் சுற்றியுள்ள வெளிர்ப் பகுதி) எவ்வளவு என்று பாருங்கள். தேக்கில் வெள்ளை இரண்டு விரல் தாண்டினால் அறுத்த பிறகு கையில் மிஞ்சுவது சட்டென்று குறையும். நடுவிலிருந்து நாலாப்பக்கமும் ஓடும் வெடிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை மெல்லிய கம்பி விட்டுப் பார்க்கலாம். வளையத்தோடு வளையம் பிரிந்த வெடிப்பு இருந்தால் அது இன்னும் மோசம், பலகை எடுக்கும்போது கழன்று வரும். கோடரியின் பின்புறத்தால் உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் திடீரென்று மந்தமானால் அங்கே பொந்து. மேற்பரப்பில் புடைப்பு தெரிந்தால் உள்ளே கணு. நரம்பு, அதாவது மரத்தின் இழை, சுற்றிக்கொண்டு ஓடினால் அந்தத் தடி நிலைக்கு ஆகாது, அறுத்துக் காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும்.

சாலையோர மரத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது. விளம்பரத் தட்டி அடித்த ஆணி, கொடிக் கம்பி, பழைய மைல்கல் எண் தகடு எல்லாவற்றையும் மரம் விழுங்கி மூடியிருக்கும். வாள் பட்டால் பற்கள் போகும், அறுவை மில்காரர் நஷ்டத்தை உங்கள் தலையில்தான் கட்டுவார். தரையிலிருந்து ஆள் உயரம் வரையுள்ள பகுதியை விறகு விலைக்கே மதிப்புப் போடுங்கள்.

அளவு: பணம் போகும் இடம்

புதியவர்கள் ஏமாறுவது விலையில் என்பதைவிட அளவில்தான். அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

தடியை அளக்க இரண்டு முறை உண்டு. முதலாவது கால் சுற்றளவு முறை. தடியின் நடுவில், பட்டை நீக்கிச் சுற்றளவு எடுத்து, அதை நான்கால் வகுத்து, வந்ததைத் தன்னோடு பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. இரண்டாவது உண்மைக் கன அளவு, அதாவது வட்டத்தின் பரப்பை வைத்துப் போடுவது: சுற்றளவைத் தன்னோடு பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 12.57-ஆல் வகுக்க வேண்டும்.

ஒரு தடி எடுத்துக்கொள்வோம். நடுச்சுற்றளவு 120 செ.மீ., நீளம் 4 மீட்டர். கால் சுற்றளவு முறையில் 0.30 பெருக்கல் 0.30 பெருக்கல் 4, ஆக 0.36 கன மீட்டர். உண்மைக் கன அளவோ 0.458 கன மீட்டர். ஒரே தடிதான். முதல் முறை எப்போதும் உண்மை அளவில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும், மீதி 21.5 சதவீதம் அறுவையில் வீணாகும் புறப்பகுதிக்கென்று விட்டுக்கொடுத்த கழிவு மாதிரி. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி. எனவே நம் தடி முதல் முறையில் 12.7 கன அடி, இரண்டாவது முறையில் 16.2 கன அடி.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். சேலத்து மரக்கடைகளில் தடி வியாபாரம் நடப்பது கால் சுற்றளவுக் கன அடியில். ஏலப் பட்டியல் உண்மைக் கன மீட்டரில் இருந்து, நீங்கள் கடை விலையை அப்படியே 35.3-ஆல் பெருக்கிக் கேட்டுவிட்டால், ஒவ்வொரு லட்சத்திலும் இருபத்தோராயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். உண்மைக் கன மீட்டர் என்றால் 27.7-ஆல் பெருக்க வேண்டும். 35.3-ம் 27.7-ம் மனதில் நிற்கட்டும். எந்த முறை என்று அறிவிப்பில் தெளிவாக இல்லாவிட்டால், பட்டியலில் ஏதாவது ஒரு தடியின் நீளத்தையும் சுற்றளவையும் எடுத்து இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். எது ஒத்துவருகிறதோ அதுதான்.

சுற்றளவு பட்டையோடு எடுத்ததா, நீக்கி எடுத்ததா என்பதும் முக்கியம். நிற்கும் மரமாக இருந்தால் மார்பளவில், அதாவது 1.37 மீட்டர் உயரத்தில் பட்டையோடுதான் எடுத்திருப்பார்கள். பொந்துக்குக் கழிவு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கம்புகள் எண்ணிக்கையில் விற்கும், விறகு எடையிலோ அடுக்கு அளவிலோ விற்கும். அடுக்கில் இடைவெளியும் சேர்ந்தே அளவாகிறது என்பதை மறக்க வேண்டாம்.

துறை விலை போடுவது எப்படி

அடிப்படை விலையை அதிகாரிகள் நினைத்தபடி போடுவதில்லை. முந்தைய ஏலங்களில் அந்த இன மரம், அந்தப் பருமனுக்கு என்ன போனது என்று பார்ப்பார்கள். அருகிலுள்ள சந்தையில் என்ன விலை என்று விசாரிப்பார்கள். நிற்கும் மரத்துக்கு என்றால், சந்தை விலையிலிருந்து வெட்டுக்கூலி, இழுவைக்கூலி, வண்டி வாடகை, வாங்குபவரின் நியாயமான லாபம் எல்லாவற்றையும் கழித்து மிச்சத்தை மரத்தின் விலை என்று வைப்பார்கள். ஏற்காட்டின் மேலே விழுந்த மரத்துக்கும் அடிவாரத்துக் கிடங்கில் கிடக்கும் மரத்துக்கும் விலை வித்தியாசம் வருவது இதனால்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் நீளத் தடி ஏற்றிய லாரி இறங்குவது சாமானியக் காரியமில்லை. குப்பனூர் வழி சுற்றினாலும் செலவு செலவுதான்.

தடி பெருத்தால் விலை ஏறும் வேகமும் பெருகும். கேரள வனத்துறையின் தேக்குக் கிடங்குகளில் நடுச்சுற்றளவு 150 செ.மீ.க்கு மேல் முதல் வகுப்பு, 100 முதல் 149 வரை இரண்டாவது, 76 முதல் 99 வரை மூன்றாவது என்று பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் தரம் பார்த்து வைப்பார்கள். நிலம்பூர் அருவாக்கோடு கிடங்குக்கு நம் பக்கத்து வியாபாரிகளும் போவதுண்டு. அங்கே விற்பனை மத்திய அரசின் எம்எஸ்டிசி நிறுவனத்தின் மின்னேலத்தில் நடக்கிறது.

இன்னொரு பக்கம் தூத்துக்குடித் துறைமுகம் இருக்கிறது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா நாடுகளிலிருந்து வரும் தோட்டத் தேக்கு, நாட்டுத் தேக்கின் விலைக்கு ஒரு கூரை போட்டு வைத்திருக்கிறது. பர்மா 2014 ஏப்ரலில் தடி ஏற்றுமதியை நிறுத்திய பிறகு அந்தத் தேக்கின் இடத்தைப் பிடித்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஏலத்துக்குப் போகும் வாரத்தில் இறக்குமதித் தடி என்ன விலை என்று இரண்டு மரக்கடைகளில் கேட்டுவிட்டுப் போங்கள். அதற்கு மேல் கேட்க வேண்டுமானால் தடியில் அதற்கேற்ற வைரம் இருக்க வேண்டும்.

உங்கள் விலையைப் போடுவது

அதே தடியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். இங்கே வரும் ரூபாய்கள் கணக்குக்காக மட்டும். உங்கள் வாரத்து விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். உண்மை அளவு 16.2 கன அடியில் 55 சதவீதம் அறுத்த மரமாகக் கிடைத்தால் 8.9 கன அடி. அறுத்த மரம் கன அடி 2,500 ரூபாய் போகிறது என்றால் 22,250 ரூபாய். அறுவைக்கூலி 900, ஏற்றி இறக்கிக் கொண்டுவர 1,500, லாபமும் எதிர்பாராத வெடிப்புக்கான காப்பும் சேர்த்து 3,350. கழித்தால் 16,500. அந்தத் தடிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம் அதுதான். கால் சுற்றளவுக் கணக்கில் கன அடிக்கு ஏறக்குறைய 1,300 ரூபாய். கன மீட்டருக்கு என்றால் கால் சுற்றளவில் சுமார் 45,800, உண்மை அளவில் சுமார் 36,000.

வரியையும் இங்கேயே முடித்துவிடுங்கள். தடிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஏலத் தொகைக்கு மேல். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார். பதிவு இல்லாதவருக்கு அது முழுச் செலவு. அவர் 16,500-ஐ 1.18-ஆல் வகுத்து, 14,000-க்குள் நின்றுகொள்ள வேண்டும். வீட்டுக்கு மரம் எடுக்க வருகிறவர்கள் வியாபாரியோடு போட்டி போட்டுத் தோற்பதும், ஜெயித்தால் நஷ்டப்படுவதும் இந்த வித்தியாசத்தால்தான். இது தவிர மூலத்தில் வசூலிக்கும் வருமான வரி உண்டு. 2025 ஏப்ரல் முதல் அது 2 சதவீதம், அதற்கு முன் 2.5. இது உங்கள் பான் கணக்கில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வாங்குவதை அப்படியே விற்காமல் பொருள் செய்யப் பயன்படுத்துகிறவர் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் இந்த வசூலே இருக்காது. நாற்காலி, கட்டில் செய்யும் பட்டறைக்காரர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை; கேளுங்கள்.

ஏல நாள்

டேவணி கட்டியவர்கள் மட்டுமே கேட்கலாம். பல இடங்களில் வாய் ஏலத்தோடு மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளியும் வாங்குவார்கள். வாய் ஏலம் முடிந்த பிறகு உறையைப் பிரிப்பார்கள். இரண்டில் எது உயர்ந்ததோ அது நிற்கும். நீங்கள் எழுதி வைத்த உச்சத் தொகையை உறையில் போட்டுவிட்டால் களத்தின் சூட்டில் தடுமாற வேண்டிய தேவையே இல்லை. எனக்குப் பிடித்த வழி இது. அடிப்படை விலையைச் சில ஏலங்களில் சொல்லிவிட்டுத் தொடங்குவார்கள், சிலவற்றில் கோப்புக்குள் வைத்துக்கொள்வார்கள்.

சில இடங்களில் யாராவது தோளில் கை போட்டு, "நீங்க இந்த லாட்டுக்குக் கேக்காதீங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அதற்கு இணங்காதீர்கள். கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவது பொதுச்சொத்தைத் திருடுவதற்குச் சமம். அடிப்படை விலைக்குக் கீழே நின்ற லாட்டை அதிகாரிகள் ரத்து செய்துவிட்டு மறு ஏலம் விடுவார்கள், அலைச்சல்தான் மிச்சம்.

உங்கள் பெயரில் மூன்று தரம் சொல்லி முடித்தாலும் மரம் அன்றைக்கே உங்களுடையது ஆகிவிடாது. தொகையைப் பொறுத்து மாவட்ட வன அலுவலரோ மண்டல வனப் பாதுகாவலரோ அதற்கும் மேலே உள்ளவரோ ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கடிதம் வரும் முன் லாரி பேசுவது, வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்குவது இரண்டும் வேண்டாம். ஒப்புதல் வந்த நாளிலிருந்து பாக்கித் தொகைக்குக் கெடு ஓடத் தொடங்கும். தவறினால் டேவணி போகும். மறு ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால் அந்த நஷ்டத்தையும் உங்களிடம் வசூலிக்கலாம்.

எடுத்து வருவது

பணம் கட்டிய ரசீதோடு கிடங்குக்குப் போனால், தடி எண்களைச் சரிபார்த்து ஏற்ற விடுவார்கள். கெடு தாண்டினால் தரை வாடகை. லாரி கிளம்பும் முன் பர்மிட் கையில் இருக்க வேண்டும். 1968-ம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளின்படி, எந்த மரம், எத்தனை தடி, எந்த வண்டி, எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். வண்டி மாறினாலோ வழியில் டயர் வெடித்துத் தேதி கடந்தாலோ உடனே அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்வதைவிட இது எளிது. அறுக்கும் முன் சுத்தியல் முத்திரை உள்ள வெட்டு முகத்தைப் படமெடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள், அறுத்த பிறகு அந்த முத்திரை இருக்காது.

சந்தனமும் ஈட்டி மரமும்

இந்த இரண்டையும் மேலே சொன்னவற்றோடு கலக்காதீர்கள். தமிழ்நாட்டில் அரசு சந்தனக் கிடங்குகள் இருக்கும் ஊர்களில் சேலமும் ஒன்று; திருப்பத்தூரும் சத்தியமங்கலமும் மற்றவை. சந்தனத்தைக் கிடங்கில் வைத்து வெள்ளையைச் செதுக்கி நீக்கி, சேகை மட்டும் எடையில் விற்பார்கள். பழைய வகைப்பாட்டில் கட்டை, வேர், சிராய், தூள் வரை பதினெட்டு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்புக் கட்டை ஒவ்வொன்றும் ஒன்பது கிலோவுக்குக் குறையாமல், ஒரு டன்னுக்கு 112 கட்டைகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் தனித்தனி விதிகள். பட்டா நிலத்தில் சந்தனம் வளர்ந்தாலும் உரிமையாளர் தன் விருப்பத்துக்கு வெட்டி விற்க முடியாது, வனத்துறை வழியாகத்தான். ஈட்டிக்கு 1994-ல் தனிச் சட்டமே வந்தது.

மலைமேல் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக்கை யாராவது "தோட்டத்து மரம்தானே, பர்மிட் எதற்கு" என்று சொல்லி விற்க வந்தால் கவனம். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தனியார் நிலமானாலும் வெட்டுவதற்கு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த உத்தரவின் நகலைப் பார்த்து, மர எண்ணிக்கையை ஒப்பிட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.